நாலாம் நம்பர் வேங்கை

என்னம்மா கேட்டீங்க? இந்த நாலாம் நம்பர் வேங்கை எந்த மரத்துப் பிள்ளைன்னா?

அம்மாடி. எத்தனையோ வருசமா இந்த நர்சரியில நின்னு கன்னு ஏத்தி விடுதேன். லாரி லாரியாப் போயிருக்கு. ஒருத்தரும் இதக் கேட்டதில்ல. எவ்வளவு உயரம்னு கேப்பாங்க. எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தணும்னு கேப்பாங்க. தாய் மரம் எங்க நிக்குன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். பஞ்சாயத்துத் தலைவர் வாராங்கன்னதும், பேருக்கு நீங்க வருவீங்க, பேசறதுக்குப் பின்னால ஒரு வெள்ள வேட்டி வரும்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா டிராக்டர்ல இருந்து குதிச்சு எறங்குதீங்க.

உக்காருங்க. டயரு பஞ்சர் ஒட்டி வர எப்டியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த பெஞ்சு ஆடும், இந்தப் பக்கமா உக்காருங்க.

உங்க ஊருக்கு மேக்க உள்ள பொத்தை, அந்தப் பாறைக் குன்னு, போன வருசம் தீயில எரிஞ்சு மொட்டையாப் போச்சுன்னு சொன்னீங்கல்லா. மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு குளத்துல விழுது, கெணத்துல ஊத்து இல்லன்னு சொன்னீங்கல்லா. ஊரே சேந்து குழி தோண்டி வச்சிருக்குன்னீங்க. நோட்டீஸ்ல படிச்சிட்டு வந்திருக்கீங்க, "வறட்சியைத் தாங்கும் நாலாம் நம்பர் வேங்கை"ன்னு. அந்த நோட்டீஸ்ல தலைப்பா கட்டிக்கிட்டு மரத்து மேல ஒருத்தன் நிப்பான், பாத்தீங்களா? அது நான்தான். வெயிலுமுத்து. அப்ப முடி கருப்பா இருந்துது.

கன்னு தரமாட்டேன்னு சொல்லல. ஆர்டர் இருக்கு, தரணும். ஆனா கேட்டுட்டீங்கல்லா. சொல்லிருதேன்.

பதினாலு வருசத்துக்கு முன்னால இங்க அரசி மேடம்னு ஒருத்தங்க இருந்தாங்க. முழுப் பேரு மங்கையர்க்கரசி. மரத்தப் பத்திப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவங்க. நான் அப்ப தினக்கூலி. மரம் ஏறி விதை எடுக்கது என் வேலை. எங்களுக்கெல்லாம் வேங்கைன்னா வேங்கை, புங்குன்னா புங்கு. எங்க கெடச்சா என்ன, விதை விதைதான். அவங்க வந்துதான் வேற பேச்சு பேசுனாங்க.

ஒருநா கேட்டாங்க, "வெயிலுமுத்து, இன்னைக்கு நாம நடுற மரம் எத்தனை வருசம் நிக்கும்?"

"நூறு வருசம் நிக்கும் மேடம்."

"நூறு வருசத்துக்கும் இதே மழை பெய்யுமா? இதே வெயில்தான் அடிக்குமா?"

"நான் எங்க மேடம் கண்டேன்."

"வெயில் கூடிக்கிட்டே போகுது. இன்னும் நாப்பது வருசத்துல இந்த அடிவாரம் கிழக்க இருக்கிற காஞ்ச பொத்தை மாதிரி ஆயிரும். அப்ப இங்க நிக்கப்போற மரம் அந்த வெயிலத் தாங்கணும். இப்பவே அந்த வெயில்ல நிக்கிற தாய்கிட்ட விதை எடுத்தா, பிள்ளைக்கும் அந்தத் தாங்குற சக்தி இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

இதுதான் அவங்க யோசனை. அஞ்சு எடத்துல இருந்து வேங்கை விதை எடுத்து, இங்க பக்கத்துப் பக்கத்துல நட்டு, எது நிக்கி எது சாகுதுன்னு பாக்கணும். மழைக்காட்டு ஓரத்துல இருந்து ஒண்ணாம் நம்பர். அப்டியே காஞ்ச எடமா வந்து, நாலாம் நம்பர் கரடிப்பொத்தை. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ரோட்டுல இருந்து ஆறு மைல் நடக்கணும். பாறையும் முள்ளும்தான். அங்க நிக்க வேங்கை உங்க தலை ஒசரம் ரெண்டு மடங்கு இருந்தா பெரிசு. கிழவி மாதிரி வளைஞ்சு நிக்கும். ஆனா நிக்கும்.

அதுல அவங்க ஒரு சட்டம் வேற வச்சாங்க. ஒரு எடத்துக்கு முப்பது மரம். மரத்துக்கு மரம் நூறு அடியாவது தள்ளியிருக்கணும். ஒவ்வொரு மரத்துலயும் ஒரே அளவு காய். ஒவ்வொண்ணுக்கும் தனித் துணிப்பை. நான் கேட்டேன், "ஒரு மரத்துக்குக் கீழயே ஒரு சாக்கு காய் கெடக்கே மேடம், எதுக்கு முப்பது மரம்?"

"ஒரு தாய் பிள்ளைங்களுக்கு ஒரே பலம், ஒரே பலவீனம். ஒரு கெட்ட வருசம் வந்தா மொத்தமா விழுந்துரும். முப்பது தாய் பிள்ளைங்கன்னா, அஞ்சு விழுந்தாலும் இருவத்தஞ்சு நிக்கும்."

நல்லா ஞாபகம் இருக்கு பாத்துக்கிடுங்க. ஒரு வார்த்தை மறக்கல.

மத்த நாலு எடத்துக்கும் ஒழுங்காத்தான் போனேன். அதையும் சொல்லணும்ல்லா. முப்பது மரம்னா முப்பது மரம். கரடிப்பொத்தைக்குத்தான் ஜீப்பு தரல. கேட்டேன், ரிப்பேருன்னுட்டாங்க. பஸ்ஸுல போயி, எறங்கி, ஆறு மைல் நடந்து, முப்பது மரம் ஏறி, மூட்டையத் தூக்கிட்டு ஆறு மைல் திரும்பி வரணும். பங்குனி வெயிலு. எனக்கு அப்பவே இந்த முட்டு வலி உண்டு. ஒரு ஆளத் தொணைக்குப் போட்டிருக்கலாம்ல்லா? போடல. நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்பு?

சரி. முட்டு அவ்வளவு ஒண்ணும் வலிக்கல.

உள்ளதச் சொல்லுதேன். பஸ்ஸு போற வழியிலதான் என் வீட்டுக்காரி ஊரு. அன்னைக்குச் செவ்வாக்கிழமை, அங்க அம்மனுக்குக் கொடை. செல்லக்கனி மொத நாளே போயிட்டா. பஸ்ஸு ஊருக்குள்ள நிக்கும்போது மேளச் சத்தம் கேக்கு. மச்சினன் பஸ் ஸ்டாப்புல நிக்கான். "அத்தான், எறங்குங்க"ன்னு பையப் பிடுங்கிட்டான். ஒரு நாள்தானே, நாளைக்குப் போயிக்கிடலாம்னு எறங்கினேன். புதன்கிழமை கெடா விருந்து. விட மாட்டேன்னுட்டாங்க. வியாழக்கிழமைதான் கெளம்பிப் போனேன்.

அடிவாரத்துக்குப் போறேன், பொத்தை பொகைஞ்சுக்கிட்டு நிக்கி. மொத நாள் யாரோ ஆடு மேய்க்கவன் போட்ட தீ. மரம் சாகல, வேங்கை லேசுல சாகாது. ஆனா காயி போச்சு. வேங்கைக் காய் எப்டி இருக்கும் தெரியும்ல்லா, நடுவுல விதை, சுத்தி அப்பளம் மாதிரி ஓரம். காஞ்சு கெடந்தா ஒரு தீப்பொறி போதும்.

செவ்வாக்கிழமை போயிருந்தா முப்பது பையும் நெறைஞ்சிருக்கும்.

திரும்பி வந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. தீன்னு சொல்லலாம். "செவ்வாக்கிழமையே போனியே"ன்னு கேப்பாங்க. அப்பத்தான் வேலையில கொஞ்சம் நம்பிக்கையா வச்சிருந்தாங்க. கால்வாய்ப் பாலத்துல பஸ்ஸுக்கு நின்னேன். பாலத்து ஓரத்துல ரெண்டு வேங்கை. வருசம் முச்சூடும் வேரு தண்ணிக்குள்ள கெடக்க மரம். யான மாதிரி. கீழ பாய் விரிச்ச மாதிரி காயி. அரை மணி நேரத்துல சாக்கு நெறைஞ்சிட்டு. பாலத்துத் திண்டுல உக்காந்து, ஒண்ணுல இருந்து முப்பது வரைக்கும் பைக்கு நம்பர் போட்டு, கையளவு கையளவாப் பிரிச்சேன். நாலஞ்சு பையில சொத்தக் காயும் போட்டேன். எல்லாம் நல்ல காயா இருந்தா சந்தேகம் வருமேன்னு.

மேடம் பையப் பிரிச்சுப் பாத்தாங்க. "கரடிப்பொத்தையிலயா இவ்வளவு பெரிய காய்?"ன்னாங்க.

என்ன பேசுதேன்னு தெரியாமச் சொன்னேன், "வெயில்ல அடிபட்ட மரம்ல்லா மேடம், பிள்ளைக்கு நெறைய கொடுத்து அனுப்புது."

அவங்க என்னயவே பாத்தாங்க. அப்புறம் நோட்ட எடுத்து அந்த வார்த்தைய அப்டியே எழுதுனாங்கம்மா. அப்டியே எழுதுனாங்க.

பெறகு என்ன. நட்டோம். ரெண்டு வருசம் தண்ணி ஊத்தினோம், அப்புறம் நாலு வருசம் நல்ல மழை. தண்ணிக்குள்ள வளந்த தாய்க்குப் பொறந்த பிள்ளை, தண்ணி கெடச்சா வளராதா? மத்த வரிசையெல்லாம் இடுப்பளவு நிக்கும்போது நாலாம் நம்பர் என் தலைக்கு மேல நிக்கி. பாக்க வந்தவங்கல்லாம் அசந்து போனாங்க. காஞ்ச பொத்தை விதைதான் இருக்கதுலயே பெலம்னு மேடம் எழுதி, அது வெளிநாட்டுப் புஸ்தகத்துலயெல்லாம் வந்துது. இங்க ஒரு விழா வச்சாங்க. மேடைக்கு என்னயும் கூப்பிட்டாங்க. மேடம் மைக்குல சொல்லுதாங்க, "இது என் மூளையில இருந்து வந்தது இல்ல, வெயிலுமுத்து கால்ல இருந்து வந்தது. அவர் அந்த ஆறு மைல் நடக்கலன்னா நாலாம் நம்பரே இல்ல"ன்னு. சொல்லிட்டுப் பொன்னாடை போத்துதாங்க. சனம் கை தட்டுது. செல்லக்கனி கீழ உக்காந்து தரையப் பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்குத் தெரியும்ல்லா, அந்த ரெண்டு நாளு நான் எங்க இருந்தேன்னு.

அந்த விழாவுலதான் என் வேலையப் பெர்மனண்ட் பண்ணாங்க.

இப்டி ஒரு ஆளத் தலையில தூக்கி வச்சா அவன் எப்டிம்மா கீழ எறங்குவான்? ஒருநாளாவது அவங்க என்னயச் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒருக்கா பின்னால வந்து பாத்திருக்கலாம். அவ்வளவு நம்பினா எப்டி? அந்த வகையில அவங்க மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. நான் பல தடவை நெனச்சிருக்கேன்.

சரி பண்ணாம விட்டேன்னு நெனைக்காதீங்க. விழா முடிஞ்ச அடுத்த பங்குனியிலயே கரடிப்பொத்தைக்குப் போனேன். யாரும் சொல்லல, நானாப் போனேன். முப்பது மரத்துக்கும் வெள்ளப் பெயின்ட்ல நம்பர் போட்டேன். காய் எடுத்துட்டு வந்தேன். இனிமே நாலாம் நம்பர்னா இதுதான், பழசு பழசோட போகட்டும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. மொளைக்கப் போட்டா, கன்னு சாண் ஒசரத்துல நிக்கி. எல இத்துனூண்டு. கன்னு வாங்க வந்தவங்க சத்தம் போடுதாங்க, "இது நாலாம் நம்பரே கிடையாது, எதையோ கலந்துட்டாங்க"ன்னு. மேடமே வந்து பாத்துட்டு, "பையில எங்கயோ மாறிப்போச்சு வெயிலுமுத்து, நீ மறுபடியும் அந்த முப்பது மரத்துல இருந்தே எடுத்துட்டு வா"ன்னுட்டாங்க.

என்ன செய்ய? கால்வாய்க்கரைக்குப் போனேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வருசமும் கால்வாய்க்கரைதான். நெசமான விதையக் கொண்டு வந்தாப் பொய்யிங்காங்க, பொய்யக் கொண்டு வந்தா நெசம்ங்காங்க. தெக்க உள்ள மலையடிவாரத்துக்கெல்லாம் நாலாம் நம்பர்தான் போச்சு. நானூறு ஏக்கர்னு சொன்னாங்க ஒருக்கா. அவ்வளவும் ரெண்டு தாய் பிள்ளைங்க.

தண்ணி குடிங்க. பானைத் தண்ணிதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால தொடந்து மழை தப்பிப்போச்சுல்லா? அந்தச் சித்திரையில ஃபோன் வருது, மேலப்பரம்பு மலையில நட்ட வேங்கை கருகுதுன்னு. நான் போயிப் பாத்தேன். அந்த மலையில நாப்பது ஏக்கர். ஓரத்துல உள்ளூர் விதையில வந்த மரம் கொஞ்சம் நிக்கி. அதுல ஒண்ணு செத்திருக்கு, ஒண்ணு பாதி காஞ்சிருக்கு, ஒண்ணு பச்சையா நிக்கி. மரம்னா அப்டித்தானே இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுல்லா. ஆனா நாலாம் நம்பர் மொத்தமும் ஒரே வாரத்துல, நுனியில இருந்து அடி வரைக்கும், ஒரே நெறமாக் காஞ்சு நிக்கி. நாப்பது ஏக்கரும் ஒரே மரம் செத்த மாதிரி. நான் அங்க நின்னேன். காத்து அடிக்கி, சருகுச் சத்தம். மேடம் சொன்னது அப்டியே காதுல கேட்டுது.

வீட்டுக்கு வந்து செல்லக்கனிகிட்ட சொன்னேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "எங்க ஊர்ல ரெண்டு நாள் சாப்பிட்டதுக்கு ஒரு மலையே போச்சே." அதுக்கப்புறம் அவ கொடைக்கே போறதில்ல.

மேடம் அப்ப ரிட்டையர் ஆயி மதுரையில இருந்தாங்க. கேள்விப்பட்டு வந்துட்டாங்க. மேலப்பரம்பப் பாத்தாங்க. மறுநா காலையில, "கரடிப்பொத்தைக்குக் கூட்டிட்டுப் போ. தாய் மரமும் செத்துப் போச்சான்னு பாக்கணும்"ன்னாங்க. வேண்டாம் மேடம், உங்களால ஏற முடியாதுன்னேன். கேக்கல. கம்பு ஊணிக்கிட்டு, ஒவ்வொரு பாறையிலயும் உக்காந்து உக்காந்து ஏறுனாங்க.

மேல போனா நிக்கும்மா. அந்தப் பஞ்சத்துல, அந்தப் பாறையில, வளைஞ்சு, முறுக்கி, எல சின்னதா, ஆனா பச்சையா நிக்கி. முப்பதுல இருவத்தேழு. நான் போட்ட பெயின்ட் நம்பர் வெளுத்துப்போயித் தெரியுது. மேடம் பதினேழாம் நம்பர் மரத்துல கைய வச்சுக்கிட்டு நின்னாங்க.

"தாய் இப்டி நிக்கிதே. பிள்ளைங்க ஏன் அப்டி செத்துது, வெயிலுமுத்து?"

"தெரியல மேடம்."

"நீதானே எடுத்த. இந்த மரங்கள்ல இருந்துதானே?"

"ஆமா மேடம்."

அதுக்கப்புறம் பாறையில உக்காந்து அழுதாங்க. "அப்ப நான்தான் தப்பு. தாய்க்கு இருக்கிற தாங்குற சக்தி பிள்ளைக்கு வராது போல. இந்தப் பாறையில நின்னு நின்னு இதுக்குப் பழகியிருக்கு, அவ்வளவுதான். நான் ஒண்ண நெனச்சுக்கிட்டு ஊரையெல்லாம் தப்பா நட வச்சிட்டேன்"னு சொன்னாங்க. நான் தண்ணி பாட்டில நீட்டுனேன்.

வேங்கையோட நிக்க யோசனை இல்ல அவங்களுக்கு. கருங்காலி, ஆச்சா, இன்னும் என்னென்னமோ மரம், எல்லாத்துக்கும் இப்டிக் காஞ்ச எடத்து விதை எடுத்துப் பாக்கணும்னு பெரிய திட்டம் எழுதி வச்சிருந்தாங்க. மதுரைக்குத் திரும்பிப் போன ஒடனே, "என் கணக்கு தப்பு"ன்னு அவங்களே ஆபீசுக்குக் கடிதாசி எழுதிட்டாங்க. அந்தத் திட்டம் அத்தோட நின்னு போச்சு. கடிதாசி எந்த ஃபைலுல தூங்குதோ. நோட்டீஸ் மட்டும் இன்னும் அச்சாகுது, அதத்தான் நீங்க படிச்சீங்க.

என்னம்மா அப்டிப் பாக்கீங்க? அந்த எடத்துல எப்டிச் சொல்ல முடியும்? அழுதுக்கிட்டு இருக்கவங்ககிட்ட? வயசானவங்க, மனசு ஒடைஞ்சிரக் கூடாதேன்னுதான் சொல்லல. அவங்க மேல உள்ள மரியாதையில.

இல்ல. நீங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்லுதேன்.

பொத்தையில இருந்து எறங்கினதுக்கப்புறம் ஒருக்கா தைரியம் வந்துது. இங்க இருந்த அதிகாரிகிட்டப் போயி, "ஐயா, நாலாம் நம்பர்ல ஒரு கோளாறு இருக்கு"ன்னு ஆரம்பிச்சேன். அவரு கையக் காட்டி நிறுத்திட்டாரு. "நானூறு ஏக்கர்ல நட்டிருக்கு. கோளாறுன்னு நீ சொன்னா, எவ்வளவு நாளாத் தெரியும்னு உன்னக் கேப்பாங்க. அடுத்து என்னக் கேப்பாங்க. நீ சொல்லல, நான் கேக்கல. போயி வேலையப் பாரு." வெளிய வந்து கதவச் சாத்தும்போது, "ரிட்டையர் ஆக இன்னும் எவ்வளவு நாளு உனக்கு?"ன்னு கேட்டாரு. இந்த ஆனியோட முடியுது. பென்சன் பேப்பரு போயிருக்கு. இந்த வேலையே நாலாம் நம்பரால வந்த வேலை. அது பொய்யின்னா இது என்னது?

வாங்க, ஒண்ணு காட்டுதேன். உரக் கொட்டகைக்குப் பின்னால. பாத்து வாங்க, ஓஸ் பைப்பு கெடக்கு.

இந்தா இந்த ஆறு பாத்தி. இது யாருக்கும் தெரியாது. ரெண்டு வருசமா பங்குனிக்குப் பங்குனி நானே லீவு போட்டுட்டுப் போயி எடுத்துட்டு வந்த கரடிப்பொத்தை விதை. இருவத்தேழு தாயி. ஒவ்வொரு பையிலயும் மரத்து நம்பர் சாக்பீஸ்ல இருக்கு பாருங்க. குட்டையாத்தான் இருக்கு. ஒன்றரை அடி தேறினாப் பெரிசு. ஆனா இந்தப் பையத் தூக்குங்க. தூக்குங்கம்மா, உங்க கையால. வருதா? வராது. வேரு பையக் கிழிச்சிக்கிட்டு தரைக்குள்ள போயிருக்கு. அந்தா அங்க நிக்க நாலாம் நம்பரத் தூக்குனா பூ மாதிரி வந்துரும்.

இதுக்கு நம்பர் கிடையாது. பதிவேட்டுல இது இல்லவே இல்ல. நாலுன்னு எழுதணும், நாலாவது எடத்துல பொய்யி உக்காந்திருக்கு. அஞ்சுன்னு எழுதினா அது வேற ஊரு. பிள்ளையப் பெத்து வச்சிட்டுப் பேரு வைக்க முடியாம நிக்கேன். நான் போன மறுநாள் புதுசா வர ஆளு, இதென்ன களை மாதிரின்னு பிடுங்கிப் போட்டுருவான்.

இதக் கொண்டு போங்க. உங்க பொத்தைக்கு இதுதான். நாலுன்னு தகடு கட்டித் தாரேன்.

என்னது? வெள்ளிக்கிழமை அதிகாரிங்க கன்ன அளக்க வாராங்களா? ரெண்டு அடிக்குக் கொறைஞ்சா திட்டத்துலயே சேக்க மாட்டாங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல. அப்ப நீங்களும் என்னய மாதிரிதான் மாட்டியிருக்கீங்க.

சரிதான். யோசிங்க. டிரைவர் வந்துட்டான் போலிருக்கு, டயரு மாட்டட்டும்.

ம்... என்ன சொல்லுதீங்க? ரோட்டுல இருந்து பாத்தாத் தெரியுத கீழ் வரிசை ரெண்டுக்கும் மட்டும் ஒசரக் கன்னு. மேல முச்சூடும் இந்தக் குட்டை. அளக்க வாரவன் பொத்தை ஏற மாட்டான். ஆமா. பங்குனி வெயிலுலயே நான் ஏறல, அவனா இந்த வெயிலுல ஏறப் போறான்?

சிரிக்க மாட்டேங்கீங்க.

ஏலே, எல்லாரும் வாங்க. இந்த ஆறு பாத்தியையும் ஏத்துங்க, கீழ் வரிசைக்கு நாலாம் நம்பர்ல கொஞ்சமும். பையக் கழுத்தப் பிடிச்சுத் தூக்காதீங்க, அடியில கை குடுங்க. மண்ணு உதிந்துறப்பிடாது. வேரு அறுந்தா பரவாயில்லம்மா, ரெண்டு நாள் நெழல்ல வச்சு நடுங்க. மேல் நோக்கி, மரத்து நம்பரப் பாத்துக் கலந்து நடுங்க, ஒரு தாய் பிள்ளைங்க பக்கத்துப் பக்கத்துல வரப்பிடாது. எழுதித் தரட்டா? சரி, மனசுல வச்சுக்கிடுங்க.

அவ்வளவுதாம்மா. ஏறிட்டு. கெளம்புங்க. நான் சொன்னதெல்லாம் உங்களோட இருக்கட்டும். ஒரு ஆளுகிட்டச் சொன்னதுல எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கு.

எதுக்கு? மேடம் நம்பரா? இருக்கு. பேசறதில்ல. பொங்கலுக்கு அவங்கதான் கூப்பிடுவாங்க, முட்டு எப்டி இருக்கு வெயிலுமுத்துன்னு கேப்பாங்க.

நீங்க வேணாப் பேசுங்கம்மா. நீங்க படிச்சவங்க, பதவியில இருக்கீங்க, பக்குவமாச் சொல்லுவீங்க. இந்தாங்க ஃபோன். பிடிங்க. ஏன் வாங்க மாட்டேங்கீங்க?

நாளைக்குப் பேசுதேன். ஆனி முடியட்டும், பேப்பரு வந்துரட்டும், நானே மதுரைக்குப் போயி நேருல சொல்லிருதேன். சத்தியமா. நம்பலயா நீங்க? நம்பாதீங்க, சரிதான். என்னய நம்பினவங்க கதியத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்.

ஏம்மா, எஞ்சின எதுக்கு அணைக்கச் சொல்லுதீங்க? கன்னு வெயில்ல நிக்கி. ஆளுங்கல்லாம் பாக்காங்க. இப்டி டிராக்டர்ல ஏறி உக்காந்துக்கிட்டு கெளம்ப மாட்டேன்னா எப்டி? தலைவரம்மா. ராசகனியம்மா. உங்க ஊருல குழி காத்துக்கிட்டு இருக்குன்னீங்களே.

சரி.

சரிம்மா. போடுதேன். நீங்க அங்கிட்டுத் திரும்புங்க.

ரிங்கு போகுது.

வணக்கம் மேடம், வெயிலுமுத்து பேசுதேன். நல்லா இருக்கேன் மேடம். இல்ல, பொங்கல் இல்ல, சும்மாதான். இல்ல, சும்மா இல்ல மேடம். செல்லக்கனி நல்லா இருக்கா. முட்டு பரவாயில்ல. மேடம், ஒரு நிமிசம் நான் பேசிருதேன், இல்லன்னா பேச மாட்டேன். அந்தக் கரடிப்பொத்தை விதை. மொத விதை. அந்தப் பங்குனியில நான் பொத்தை ஏறல மேடம். அது கரடிப்பொத்தை விதையே இல்ல. கால்வாய்ப் பாலத்துகிட்ட நிக்க மரம். அன்னைக்கும், அதுக்கப்புறமும், எல்லா வருசமும். நீங்க பாறையில உக்காந்து அழுதீங்கல்லா, அப்பவும் எனக்குத் தெரியும். உங்க கணக்கு தப்பு இல்ல மேடம்.

மேடம்?

லைன்ல இருக்காங்கம்மா.

என்ன மேடம்? கேக்கல, திரும்பச் சொல்லுங்க.

எத்தனை மரத்துல இருந்து எடுத்தேன்னு கேக்காங்க.

ரெண்டு மேடம். ரெண்டே ரெண்டு மரம்.